ஆல்டிஹைடைக் கொண்டு அரோமேட்டிக் வளையத்தில் அல்கைல் தொகுதி சேர்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃபிரீடல்–கிராஃப்ட்ஸ் (பென்சீன் போன்ற வளையத்தில் அமிலத்தின் துணையோடு கார்பன் தொகுதியை ஒட்டும் வினை) என்றதும் எல்லோருக்கும் அல்கைல் ஹாலைடும் நீரற்ற அலுமினியம் குளோரைடும்தான் நினைவுக்கு வரும். ஹாலைடுக்குப் பதில் ஆல்டிஹைடை வைத்தால் கழிவாக வெளியேறுவது வெறும் தண்ணீர். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் முதல்முறை செய்து பார்ப்பவர்களில் பாதிப்பேர் எதிர்பார்த்த பொருள் வராமல் குழம்புகிறார்கள். ஆய்வகத்தில் இளையவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். கரிம வேதியியலில் இளநிலைப் பாடம் படித்தவர்களுக்குப் புரியும்.

பென்சீனோடு அசிட்டால்டிஹைடு, கொஞ்சம் அமிலம். எத்தில்பென்சீன் வருமா?

வராது. 1,1-டைஃபினைல்ஈத்தேன் வரும்.

கணக்கு எளிது. எத்தில் குளோரைடில் கார்பனுக்கும் குளோரினுக்கும் நடுவே ஒரு பிணைப்பு. அது போனதும் அங்கே வளையம் வந்து உட்காரும், வேலை முடிந்தது. ஆல்டிஹைடின் கார்பன் ஆக்சிஜனோடு இரண்டு பிணைப்பு வைத்திருக்கிறது. முதல் வளையம் வந்து தாக்கும்போது ஒன்று போய் கார்பினால் (வளையத்தை அடுத்த கார்பனில் –OH தாங்கிய ஆல்கஹால்) உண்டாகிறது. அமிலத்தில் அந்தக் கார்பினால் தண்ணீரை இழந்து பென்சைல் வகைக் கார்பன் நேரயனியாக மாறுகிறது. அந்த நேரயனிக்கு இப்போது யாராவது எலக்ட்ரான் இணையைத் தர வேண்டும். பக்கத்தில் நிறைய இருப்பது இன்னொரு பென்சீன். அது பாய்ந்து ஒட்டிக்கொள்கிறது.

எனவே ஆல்டிஹைடு வினையில் நான் முதலில் கேட்பது 'எந்த வினையூக்கி?' என்பதை அல்ல. அந்த இரண்டாவது இடத்தை நிரப்பப் போவது யார் என்பதைத்தான். இரண்டாவது வளையமா, ஹைட்ரைடா (எலக்ட்ரான் இணையோடு வரும் ஹைட்ரஜன்), அமீனா, குளோரைடா, அல்லது யாருமே வராமல் கார்பினாலிலேயே நிற்க வேண்டுமா? இதற்கு விடை தெரிந்தபின் வினையூக்கியைத் தேடினால் போதும்.

கார்பினாலிலேயே நிறுத்த முடியாதா?

அமிலத்தில் கடினம். கார்பினால் ஆல்டிஹைடைவிட வேகமாக வினைபுரியும். எலக்ட்ரான் மிகுந்த வளையம் பக்கத்திலேயே இருந்து நேரயனியைத் தாங்கிப் பிடிக்கிறது அல்லவா? அதனால் முதல் படிதான் மெதுவாக நடக்கும்; இரண்டாவது படி கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும்.

காரத்தில் கதை வேறு. ஃபீனாக்சைடு அயனி ஃபார்மால்டிஹைடைத் தாக்கி ஹைட்ராக்சிமெத்தில் ஃபீனால் தரும். தண்ணீரைப் பிடுங்க அமிலம் இல்லாததால் மிதமான வெப்பநிலையில் அங்கேயே நிற்கும். லெடரரும் மனாசேயும் 1894-இல் தனித்தனியே வெளியிட்டது இதைத்தான். வனிலின் தயாரிப்பின் ஒரு முக்கியமான வழியும் இதே தத்துவம்: காரக் கரைசலில் குவாயகோலும் கிளையாக்சிலிக் அமிலமும் சேர்ந்து ஒரு மாண்டெலிக் அமில வகைச் சேர்மம் தரும், பிறகு ஆக்சிஜனேற்றத்தில் கார்பன் டைஆக்சைடு கழன்று வனிலின் வரும். ஆல்டிஹைடை உள்ளே விட்டு வேறொரு ஆல்டிஹைடை வெளியே எடுக்கும் இந்தச் சுற்றுவழி எனக்கு எப்போதும் பிடித்தது.

அமிலத்திலும் ஒரு விலக்கு உண்டு. டிரைஃபுளூரோஅசிட்டால்டிஹைடு பயன்படுத்தினால், அதன் மூன்று ஃபுளூரின்களும் அடுத்த நேரயனியை உருவாகவே விடாமல் இழுத்துப் பிடிப்பதால், கார்பினாலைத் தனியே எடுக்க முடிகிறது.

இது அண்மைக்கால வேதியியலா?

இல்லை. ஃபிரீடலும் கிராஃப்ட்ஸும் தங்கள் வினையை அறிவித்தது 1877. அடால்ஃப் ஃபான் பேயர் ஃபீனாலையும் ஆல்டிஹைடையும் அமிலத்தில் சேர்த்துப் பார்த்து எழுதியது 1872. அவருக்குக் கிடைத்த பிசினை அன்று யாரும் பொருட்படுத்தவில்லை. அதே பிசினை அடக்கி ஆள லியோ பேக்லண்ட் 1907-இல் வழி கண்டபோது பேக்கலைட் பிறந்தது.

சாயத் தொழிலும் இதில்தான் வளர்ந்தது. பென்சால்டிஹைடு ஒரு மோல், டைமெத்தில்அனிலின் இரண்டு மோல், அமிலம். கிடைப்பது நிறமற்ற லூக்கோ மாலகைட் பச்சை. அதை லெட் டைஆக்சைடால் ஆக்சிஜனேற்றினால் குடுவை முழுக்க அடர் பச்சை. மூன்று வளையங்கள் ஒரே கார்பனில் தொங்குவதை இவ்வளவு கண்கூடாகக் காட்டும் வேறு சோதனை எனக்குத் தெரியாது. டி.டி.டி.யும் இந்தக் குடும்பம்தான்: குளோரல் ஒன்று, குளோரோபென்சீன் இரண்டு. 1874-இல் ஸைட்லர் தயாரித்தார்; அதன் பூச்சிக்கொல்லித் தன்மையை 1939-இல் கண்டதற்காக பால் முல்லருக்கு 1948-இல் நோபல் பரிசு கிடைத்தது.

எந்த வளையம் எளிதில் வினைபுரியும்?

ஹெர்பர்ட் மயர் உருவாக்கிய கருக்கவர் அளவுகோலை (எலக்ட்ரான் இணையைத் தரும் வேகத்தை எண்ணால் காட்டுவது) ஒருமுறை பார்த்துவிட்டால் பாதிக் கேள்விகள் தீர்ந்துவிடும். இந்தோலும் டைமெத்தில்அனிலினும் அதில் 5.5-ஐ ஒட்டி இருக்கின்றன, அனிசோல் −1.2-ஐ ஒட்டி; டொலுவீன் −4.4-ஐ ஒட்டி, பென்சீன் அதற்கும் கீழே. இது மடக்கை அளவுகோல். ஆக, இந்தோலுக்கும் டொலுவீனுக்கும் இடையே வினைவேகத்தில் ஏறத்தாழ ஆயிரம் கோடி மடங்கு இடைவெளி. இந்தோலுக்கு எழுதிய செய்முறையை டொலுவீனுக்கு வைத்துவிட்டு 'வினையூக்கி வேலை செய்யவில்லை' என்று சொல்வது வினையூக்கியின் மேல் பழி போடுவது.

தோராயமாக: இந்தோல், பைரோல், 2-மெத்தில்பியூரான், நாஃப்தால், டைஆல்கைல்அனிலின் இவற்றுக்கு அறை வெப்பநிலையும் மென்மையான அமிலமும் போதும். அனிசோல், மெசிட்டிலீன் போன்றவற்றுக்குச் சூடாக்க வேண்டும், அல்லது டிரிஃபிலேட் (வலிமை மிக்க டிரிஃபிலிக் அமிலத்தின் உலோக உப்பு) வகை வேண்டும். பென்சீனுக்கு மிகைஅமிலம், அதாவது 100 விழுக்காடு கந்தக அமிலத்தையும் மிஞ்சும் அமிலம்.

அலுமினியம் குளோரைடே போதாதா?

போதும், ஆனால் வினையூக்கி என்ற பெயருக்கு அது தகுதியாக இருக்காது. வினையில் ஒவ்வொரு முறையும் ஒரு மூலக்கூறு தண்ணீர் வெளியேறுகிறது. அலுமினியம் குளோரைடு தண்ணீரைக் கண்டால் ஹைட்ரஜன் குளோரைடை விட்டுவிட்டுச் செத்துப்போகும். போதாததற்குக் கார்பனைல் ஆக்சிஜனோடும் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். முடிவில் ஆல்டிஹைடுக்குச் சமமான அளவோ அதற்கு மேலோ போட வேண்டியிருக்கும். அந்தக் கூழைப் பனிக்கட்டியில் கொட்டி அலுமினியம் ஹைட்ராக்சைடு சேற்றோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இந்த இடத்தில்தான் ஸ்கேண்டியம், இட்டர்பியம் போன்ற உலோகங்களின் டிரிஃபிலேட்டுகள் வந்தன. தண்ணீரிலும் லூயி அமிலத்தன்மையை (எலக்ட்ரான் இணையை ஏற்கும் தன்மை) தக்கவைக்கும் இவற்றை 1990-களில் ஷூ கொபயாஷி பரவலாக்கினார். 5 மோல் விழுக்காடு போட்டு, முடிந்தபின் நீர்ப்பகுதியிலிருந்து மீட்டு மறுபடியும் பயன்படுத்தலாம். விலை அதிகம்தான், மீட்காவிட்டால் கட்டுப்படியாகாது.

ஓர் எச்சரிக்கை. உலோக டிரிஃபிலேட் நீரோடு சேர்ந்து கொஞ்சம் டிரிஃபிலிக் அமிலத்தை விடும். உண்மையில் வேலை செய்வது உலோகமா, அந்தத் துளி அமிலமா? இதைச் சோதிக்க ஒரு பழைய தந்திரம் இருக்கிறது. 2,6-டை-டெர்ஷரி-பியூட்டைல்பிரிடினைச் சிறிது சேர்த்துப் பாருங்கள். நைட்ரஜனின் இருபுறமும் பருத்த தொகுதிகள் நிற்பதால் அது புரோட்டானை மட்டும் பிடிக்கும், உலோகத்தை அண்டவிடாது. வினை நின்றுவிட்டால் குற்றவாளி புரோட்டான். 'புதிய உலோக வினையூக்கி' என்று அறிவிக்கப்படும் பலவற்றுக்கு இந்தச் சோதனையை வைத்தால் முகம் வாடும் என்பது என் கருத்து.

பிரான்ஸ்டெட் அமிலங்கள் (புரோட்டான் தருபவை)? திண்ம அமிலங்கள்?

மிகைஅமிலத்தில் தொடங்குவோம். டிரிஃபிலிக் அமிலத்தின் ஹாமெட் அமிலத்தன்மை எண் (குறையக் குறைய அமிலம் வலியது) −14-ஐ ஒட்டியது. 100 விழுக்காடு கந்தக அமிலத்துக்கு −12. இவ்வளவு அமிலத்தில் பென்சால்டிஹைடு மந்தமான பென்சீனையும் தாக்கி டிரைஃபினைல்மீத்தேன் தருகிறது. ஒரு புரோட்டான் ஏறிய ஆல்டிஹைடுக்கு அவ்வளவு பசி கிடையாது. இரண்டாவது புரோட்டானும் அதை நெருங்கும்போதுதான் இந்த வேகம் வருகிறது என்பது ஜார்ஜ் ஓலா வளர்த்தெடுத்த 'மிகை எலக்ட்ரான்கவர் பொருள்' என்ற கருத்து.

திண்ம அமிலங்களில் சல்ஃபோனிக் பிசின்கள் எளிமையானவை. அம்பர்லிஸ்ட்-15 மணிகளைப் போடுங்கள், கலக்குங்கள், வடிகட்டுங்கள். 120 °செ-க்கு மேல் கொண்டுபோகாதீர்கள். உண்டாகும் தண்ணீர் அமில மையங்களைச் சூழ்ந்துகொண்டு வேகத்தைக் குறைக்கும் என்பதையும் எதிர்பாருங்கள்.

சியோலைட்டுகளில் (நுண்துளைகள் கொண்ட அலுமினோசிலிக்கேட் படிகங்கள்) துளையின் அளவுதான் எல்லாம். இசட்.எஸ்.எம்-5-இன் துளை சுமார் 5.5 ஆங்ஸ்ட்ராம், பீட்டா 6.5-க்குச் சற்று மேல். ஒய் வகை 7.4. இரண்டு வளையம் கொண்ட பொருள் பீட்டாவில் உருவாகி வெளியே வரும். மூன்று வளையம் கொண்டது உள்ளேயே சிக்கி, நாள்பட்டுக் கரியாகித் துளையை அடைக்கும். தொழில்துறைக்கு இதில் ஆர்வம் வரக் காரணம் பாலியூரித்தேன். அனிலினும் ஃபார்மால்டிஹைடும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சேர்ந்து மெத்திலீன்டைஅனிலின் தரும், அதிலிருந்து எம்.டி.ஐ. எனும் ஐசோசயனேட். கடைசியில் அந்த அமிலம் முழுவதையும் சோடியம் ஹைட்ராக்சைடால் நடுநிலையாக்க வேண்டும். மிஞ்சுவது மலைமலையாய் உப்புத் தண்ணீர். திண்ம அமிலம் வந்தால் அது மிச்சம்.

எளிய வினை ஒன்றைப் பக்கத்தில் நின்று பார்ப்பதுபோல் காட்டுங்களேன்.

இந்தோல் 2 மில்லிமோல், பென்சால்டிஹைடு 1 மில்லிமோல், அசிட்டோநைட்ரைல் சில மில்லிலிட்டர். 10 மோல் விழுக்காடு அயோடின். அறை வெப்பநிலை.

அயோடின் விழுந்ததும் கரைசல் செம்பழுப்பாகும். சில நிமிடங்களில் டி.எல்.சி. (மென்படல நிறப்பகுப்பு) தட்டில் இந்தோலுக்குக் கீழே புதிய புள்ளி தெரியும். பென்சால்டிஹைடு புற ஊதா ஒளியில் மட்டுமே தெரியும். புதிய புள்ளியோ தட்டைக் கொஞ்ச நேரம் மேசையில் வைத்தாலே இளஞ்சிவப்பாகத் திரும்பிவிடும். சிலிக்காவின் அமிலமும் காற்றும் சேர்ந்து பிஸ்(இந்தோலைல்)மீத்தேனை ஆக்சிஜனேற்றி நிறமுள்ள நேரயனியாக்குகின்றன. சாயத் தொழிலின் அந்தப் பழைய வேதியியலே விரல்நுனி அளவில் உங்கள் தட்டில் நடக்கிறது.

முடிந்ததும் சோடியம் தயோசல்ஃபேட் கரைசலை ஊற்றினால் பழுப்பு மறையும். எத்தில் அசிட்டேட்டில் பிரித்தெடுத்து, உப்புக் கரைசலில் கழுவி, உலர்த்தி, காயவைக்கலாம். பொருளை அமிலம் கலந்த குளோரோஃபாமில் நெடுநேரம் விட்டுவிடாதீர்கள், என்.எம்.ஆர். (அணுக்கரு காந்த ஒத்ததிர்வு) குழாய் மறுநாள் ரோஸ் நிறத்தில் இருக்கும்.

இவ்வளவு எளிது என்பதால்தான் இந்த வினைக்கு எண்ணற்ற 'புதிய வினையூக்கிகள்' வெளியாகியிருக்கின்றன. கண்ணில் பட்ட அமிலமெல்லாம் இதற்கு ஆகும். எனவே இந்த வினையில் ஜெயித்துக் காட்டுவது ஒரு வினையூக்கிக்குச் சான்றிதழ் ஆகாது.

ஒரே ஒரு வளையத்தில் நின்று, உண்மையான அல்கைல் தொகுதி வேண்டுமானால்?

அப்போது ஹைட்ரைடு வேண்டும். இதை ஒடுக்க ஃபிரீடல்–கிராஃப்ட்ஸ் வினை என்கிறோம். எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் சுவையான பகுதி இதுதான், ஏனென்றால் இங்கே மூன்று போட்டியாளர்களை ஒரே குடுவையில் வைத்துச் சமாளிக்க வேண்டும்.

முதல் வழி, வளையம் முன்னால், ஹைட்ரைடு பின்னால். வளையம் ஆல்டிஹைடைத் தாக்கி நேரயனி உருவானதும் ஹைட்ரைடு வந்து மூடுகிறது. இந்தோலின் 3-ஆம் இடத்தில் அல்கைல் தொகுதி வைக்க டிரைஎத்தில்சிலேனும் (ஹைட்ரைடு தரும் சிலிக்கான் சேர்மம்) டிரைஃபுளூரோஅசிட்டிக் அமிலமும் கொண்டு 0 °செ-இல் செய்வது இப்படித்தான். இந்தோல் மிக வேகமானது. சிலேன் ஆல்டிஹைடைத் தொடுமுன் இந்தோல் முந்திக்கொள்ளும். ஆனால் அடுத்த கட்டத்தில், நேரயனியை இரண்டாவது இந்தோல் பிடிப்பதற்குள் சிலேன் பிடிக்க வேண்டும். அதனால்தான் சிலேனும் அமிலமும் கலந்த குளிர்ந்த கரைசலில் இந்தோலையும் ஆல்டிஹைடையும் மெதுவாகச் சேர்க்கிறோம்: இந்தோல் எந்த நொடியிலும் குறைவு, சிலேன் எந்த நொடியிலும் மிகுதி.

இரண்டாவது வழி, ஹைட்ரைடு முன்னால். ஆல்டிஹைடு முதலில் ஒடுங்கிப் பென்சைல் ஈதராகவோ குளோரைடாகவோ மாறி, பிறகு வளையத்தில் சேர்கிறது. டொலுவீன் போன்ற மந்தமான வளையங்களுக்கு இதுவே நடைமுறை. 1998-இல் பாபா குழுவினர் இண்டியம் சேர்மங்களையும் குளோரோடைமெத்தில்சிலேனையும் கொண்டு ஆல்டிஹைடையும் கீட்டோனையும் இப்படிப் பயன்படுத்தினார்கள்.

இன்னொரு நுட்பமான வழி ஸ்கேண்டியம் டிரிஃபிலேட்டும் 1,3-புரோப்பேன்டையாலும். ஃபுகுசாவா, ட்சுச்சிமோட்டோ, ஹியாமா ஆகியோர் 1990-களின் நடுவில் வெளியிட்டது. டையால் ஆல்டிஹைடோடு அசெட்டாலாகி, தன் கார்பன் ஒன்றிலிருந்தே ஹைட்ரைடைக் கொடுத்துவிடுகிறது. சிலேன் வேண்டாம், ஹைட்ரஜன் உருளை வேண்டாம்.

உங்கள் குடுவையில் எந்த வழி ஓடுகிறது என்று அறிய விளைபொருளைவிடத் துணை விளைபொருளைப் பாருங்கள். டிரைஅரில்மீத்தேன் தெரிந்தால் வளையம் முந்துகிறது, ஹைட்ரைடு போதவில்லை. டைபென்சைல் ஈதர் தெரிந்தால் ஹைட்ரைடு முந்துகிறது, அமிலம் போதவில்லை. முதலாவதற்குச் சிலேனைக் கூட்டுங்கள். இரண்டாவதற்கு வெப்பத்தையோ அமிலத்தையோ.

ஃபார்மால்டிஹைடு மட்டும் ஏன் தனி ரகம்?

அதில் மறைப்பு எதுவும் இல்லை, எல்லா ஆல்டிஹைடுகளிலும் வேகமானது. தனியாக எடுத்து நிறுக்கவும் முடியாது: 37 விழுக்காட்டு ஃபார்மலினாக, பாராஃபார்மால்டிஹைடாக, டிரைஆக்சேனாகத்தான் கிடைக்கும். எதைப் போடுகிறோம் என்பதைப் பொறுத்து குடுவையில் தண்ணீரின் அளவு மாறும், வேகமும் மாறும்.

ஃபீனாலில் ஆர்த்தோ இரண்டு, பாரா ஒன்று என மூன்று இடங்கள் திறந்திருப்பதால் வலைப்பின்னல் உருவாகும். விகிதம்தான் கடிவாளம். அமிலத்தில், ஒரு மோல் ஃபீனாலுக்கு ஒன்றுக்கும் குறைவான ஃபார்மால்டிஹைடு (வழக்கமாக 0.8-ஐ ஒட்டி) போட்டால் நோவோலாக்: உருகும், கரையும், ஹெக்சமீன் சேர்த்துச் சூடாக்கினால்தான் இறுகும். காரத்தில், ஒன்றுக்கும் அதிகமாகப் போட்டால் ரெசோல்: சூடாக்கினாலே தானாக இறுகிவிடும். அமிலத்தில் ஃபீனாலை மிக அதிகமாக வைத்தால் பிஸ்ஃபீனால் எஃப், மூன்று இடமாற்றியங்களின் கலவையாக வரும். துத்தநாக அசிட்டேட் போன்ற ஈரிணைதிற உலோக உப்புகளை மிதமான பி.எச்.-இல் பயன்படுத்தினால் உலோகம் ஃபீனாலின் ஆக்சிஜனையும் ஃபார்மால்டிஹைடையும் சேர்த்துப் பிடித்து, பக்கத்திலுள்ள ஆர்த்தோ இடத்துக்கே அதைத் தள்ளும். அமிலத்தை மாற்றாமல் இடத்தேர்வை மாற்ற இதைவிட எளிய உத்தி குறைவு.

பாரா இடத்தை டெர்ஷரி-பியூட்டைல் கொண்டு அடைத்துவிட்டால் வலை பின்ன முடியாது. சங்கிலி வளைந்து தன் வாலையே பிடிக்கும். காலிக்சரீன்! பண்டைய கிரேக்கக் கிண்ணம்போல இருக்கிறது என்று டேவிட் குட்ஷே வைத்த பெயர். வியப்பு என்னவென்றால் ஒரே மூலப்பொருள்களுக்குக் காரத்தையும் கரைப்பானையும் மாற்றினால் கிண்ணத்தின் அளவு மாறும். மிகக் குறைந்த சோடியம் ஹைட்ராக்சைடு, கொதிக்கும் டைஃபினைல் ஈதர்: நான்கு வளையம். கூடுதலான பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, சைலீன்: ஆறு. குறைந்த சோடியம் ஹைட்ராக்சைடு, சைலீன்: எட்டு.

ஃபார்மால்டிஹைடு, ஹைட்ரஜன் குளோரைடு, துத்தநாக குளோரைடு. இந்தக் குளோரோமெத்திலேற்றத்தைச் செய்யலாமா?

பிளாங்க் 1923-இல் எழுதிய வினை. இரண்டாவது இடத்தைக் குளோரைடு நிரப்பும் வகை. புத்தகத்தில் படிக்க அழகு. ஆனால் ஃபார்மால்டிஹைடும் ஹைட்ரஜன் குளோரைடும் ஒன்றாக இருந்தால் பிஸ்(குளோரோமெத்தில்) ஈதர் உருவாகும். அது மனிதருக்கு நுரையீரல் புற்றுநோய் உண்டாக்குவது உறுதிசெய்யப்பட்ட பொருள்; எளிதில் ஆவியாகும். மாற்றுவழி இருக்கும்போது செய்யாதீர்கள் என்பதே என் பதில். பென்சைல் குளோரைடு தேவையென்றால் ஆல்கஹாலாக்கிப் பிறகு குளோரைடாக்குங்கள். ஒரு படி கூடும், போகட்டும். ஃபார்மால்டிஹைடே மனிதப் புற்றுநோய்க் காரணிப் பட்டியலில் முதல் தொகுதியில் உள்ளது என்பதால் காற்றிழுப்புப் பெட்டிக்கு வெளியே பாராஃபார்மால்டிஹைடை நிறுக்கவும் வேண்டாம்.

நிறைவுறாத ஆல்டிஹைடு என்றால் எந்தக் கார்பனில் சேரும்?

சின்னமால்டிஹைடு போன்றவற்றில் கார்பனைல் கார்பனும் (1,2) பீட்டா கார்பனும் (1,4) போட்டியிடும். சாதாரண அமிலத்தில் பைரோல் கார்பனைலில் ஒட்டி, இரண்டு வளையம், மூன்று வளையம் என்று கறுத்த பிசினில் போய் முடியும்.

2001-இல் பாராஸும் டேவிட் மக்மில்லனும் இதை வேறு விதமாக அணுகினார்கள். ஃபினைல்அலனின் எனும் அமினோ அமிலத்திலிருந்து செய்த இமிடசோலிடினோன், ஆல்டிஹைடோடு சேர்ந்து தற்காலிகமாக இமினியம் அயனியாகிறது. ஆக்சிஜன் போய்விட்டதால் 1,2 தாக்குதலுக்கு இடம் சுருங்குகிறது; பீட்டா கார்பனின் எலக்ட்ரான் பசி கூடுகிறது; பென்சைல் தொகுதி ஒரு முகத்தை மறைத்துக்கொண்டிருப்பதால் பைரோல் மறுபக்கத்திலிருந்துதான் வர முடியும். என்-மெத்தில்பைரோலில் இனான்ஷியோமர் மிகை (ஆடிப் பிம்பங்களாக அமையும் இரு வடிவங்களில் ஒன்று மற்றதை மிஞ்சும் அளவு) 90 விழுக்காட்டைத் தாண்டியது. அடுத்த ஆண்டே இந்தோலுக்கும் அனிலினுக்கும் விரித்தார்கள். மக்மில்லனும் பெஞ்சமின் லிஸ்டும் கரிம வினையூக்கத்துக்காக 2021-இல் நோபல் பெற்றார்கள்.

கடைசிவரை ஆல்டிஹைடு தொகுதி அப்படியே மிஞ்சுகிறது என்பதைக் கவனியுங்கள். அடுத்த படிக்குக் கைப்பிடி தயார். ஆனால் வினையூக்கி 10 முதல் 20 மோல் விழுக்காடு வேண்டும், வேகமும் குறைவு.

நைட்ரஜன் கூட இருந்தால்?

இரண்டாவது இடத்தை அமீன் நிரப்பும். 2-நாஃப்தால், பென்சால்டிஹைடு, அம்மோனியா சேர்த்து மரியோ பெட்டி என்ற வேதியியலாளர் 1900-இல் செய்தது ஒரு வகை. அமீன் வளையத்தோடே கட்டப்பட்டிருந்தால் வளையம் மூடும்: பிக்டே–ஸ்பெங்க்ளர், 1911. இமைன் உருவாகி, அதை அரோமேட்டிக் வளையம் தாக்கி டெட்ராஹைட்ரோஐசோகுயினோலின் அல்லது டெட்ராஹைட்ரோ-பீட்டா-கார்போலின் கிடைக்கும். ஜேகப்சன் குழு 2004-இல் கைத்தன்மையுள்ள தயோயூரியாவாலும், லிஸ்ட் குழு 2006-இல் பாஸ்பாரிக் அமிலத்தாலும் இதைக் கைத்தன்மைத் தேர்வோடு செய்தன.

தாவரங்கள் இதை நம்மைவிட நேர்த்தியாகச் செய்கின்றன. நித்தியகல்யாணியில் உள்ள ஸ்ட்ரிக்டோசிடின் சின்தேஸ் எனும் நொதி, டிரிப்டமினையும் செக்கோலோகனின் எனும் ஆல்டிஹைடையும் இணைக்கிறது. வின்பிளாஸ்டின், வின்கிரிஸ்டின் வரை போகும் நீண்ட பாதையில் ஒரு முக்கியமான கண்ணி அது.

எலக்ட்ரான் குறைந்த வளையங்களுக்கு, பிரிடினுக்கு ஏதாவது வழி?

மேலே சொன்ன எதுவும் உதவாது. அமிலம் முதலில் பிரிடின் நைட்ரஜனைத்தான் பிடிக்கும். தனியுறுப்பு வழியான மினிஸ்கி வினையைப் பாருங்கள். அங்கே ஆல்டிஹைடிலிருந்து அசைல் தனியுறுப்பு வரும். பிவால்டிஹைடு போன்றதில் அது கார்பன் மோனாக்சைடை இழந்து டெர்ஷரி-பியூட்டைலாகிவிடும்.

திசை தரும் தொகுதியைக் கொண்டு உலோகம் வழியாக ஆர்த்தோ கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்பில் ஆல்டிஹைடைச் செருகுவதும் உண்டு. குனினோபுவும் தகாயும் 2006-இல் ரீனியத்தாலும் அடுத்த ஆண்டு மாங்கனீசாலும் காட்டினார்கள். அமிலப் பாதையில் போக முடியாத மூலக்கூறுகளுக்கு அது நல்ல கதவு, விலைதான் இடிக்கும்.

எரிபொருளுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

வேளாண் கழிவிலிருந்து கிடைக்கும் ஃபர்ஃபியூராலை ஹைட்ரஜனேற்றினால் 2-மெத்தில்பியூரான் வரும். அதில் இரண்டு மூலக்கூறை ஒரு பியூட்டனாலோடு, மதுசாரமான பியூட்டனால் அல்ல, நான்கு கார்பன் ஆல்டிஹைடோடு, அமிலத்தில் இணைத்தால் 5+5+4, அதாவது 14 கார்பன். பிறகு ஆக்சிஜனை எல்லாம் நீக்கினால் 6-புரோப்பைல்அன்டெக்கேன்: டீசல் வரம்புக்குள் உட்காரும் ஹைட்ரோகார்பன். அவெலினோ கோர்மா குழு 2011-இல் வெளியிட்டது. பல இடங்களில் இரண்டாவது வளையம் தொல்லை. இங்கே அதுதான் லாபம். விளைபொருள் நீரில் கரையாமல் மேலே எண்ணெயாக மிதப்பதால் பிரிப்பதும் சுலபம்.

இந்த வினை திரும்பி ஓடுமா?

எலக்ட்ரான் மிகுந்த வளையங்களில் ஓடும். ரெசார்சினால் நான்கும் ஆல்டிஹைடு நான்கும் அமிலத்தில் சேர்ந்து ரெசார்சினரீன் கிண்ணமாவது இதனால்தான்: முதலில் கண்டபடி இணைந்து, பிரிந்து, மறுபடி இணைந்து, நிலைத்தன்மை மிகுந்ததாய்ப் படிகமாகி ஒதுங்குகிறது. போர்ஃபிரினுக்கு (நான்கு பைரோல்கள் கொண்ட பெருவளையம்) லிண்ட்சே 1987-இல் பைரோலையும் ஆல்டிஹைடையும் மிக நீர்த்த கரைசலில் வைத்துச் சமநிலை வரும்வரை பொறுத்து, பிறகே ஆக்சிஜனேற்றியதும் இதனால்தான். இரண்டு வெவ்வேறு வளையங்களை ஒரே கார்பனில் வைக்க முயன்று மூன்று விதக் கலவை கிடைத்தால், வெப்பநிலையையும் நேரத்தையும் முதலில் குறையுங்கள்.

எல்லாம் சரியாகச் செய்தும் விளைச்சல் வரவில்லை. எங்கே தேடுவது?

அலிபாட்டிக் ஆல்டிஹைடென்றால் ஆல்டால். ஆல்ஃபா ஹைட்ரஜன் உள்ள ஆல்டிஹைடு அமிலத்தில் தன்னோடு தானே சேர்ந்து தாராகும். ஒரேயடியாக ஊற்றாமல் சொட்டுச் சொட்டாய் விடுங்கள். கீட்டோன்கள் இதில் இன்னும் மந்தம்.

பென்சால்டிஹைடென்றால் புட்டியைப் பாருங்கள். ஒருமுறை அனிசோல் வினை ஒன்று எனக்குப் பத்து நாள் ஓடவே இல்லை. வினையூக்கியை இருமுறை மாற்றினேன், கரைப்பானை உலர்த்தினேன், அளவைக் கூட்டினேன். பிறகுதான் மூடியின் மரையில் வெள்ளைப் பொருக்கு படிந்திருந்ததைக் கவனித்தேன். காற்றில் ஆக்சிஜனேறிய பென்சாயிக் அமிலம். உள்ளே இருந்ததில் கணிசமான பங்கு ஆல்டிஹைடே இல்லை. சோடியம் பைகார்பனேட்டில் கழுவி, உலர்த்தி, குறைந்த அழுத்தத்தில் காய்ச்சி வடித்து, அன்றே அதே பழைய வினையூக்கியைப் போட்டேன். மாலைக்குள் டி.எல்.சி. தட்டில் புதிய புள்ளி வந்துவிட்டது.